பழைய காதலர்கள், புதிய போட்டியாளர்கள்: குன்னூர் பின்னணியில் சரித்திரக் காதல் கதை எழுதும் முறை

ஒரு காலத்தில் காதலித்த இருவர், இன்று எதிரெதிர் தேயிலை ஆலைக்குச் சொந்தக்காரர்கள். இந்தக் கருவோடு மூன்று வருடம் தவித்து, போன மாதம்தான் நாவலை முடித்தேன். இதே மாதிரி ஒரு கருவோடு உட்கார்ந்திருப்பவர்களுக்காக என் வழியைச் சொல்கிறேன்.

படி 1: வருடம்

முதலில் என் கதை 1958ல் நடந்தது. இருவரும் குன்னூர் தேயிலை ஏலத்தில் மோதுவதாக நாற்பது பக்கம் எழுதிய பிறகுதான், அந்த ஏலம் தொடங்கியதே 1963ல் என்று தெரிந்தது. கதையை 1963க்கு நகர்த்தினேன். மலை ரயில் 1908லிருந்தே ஊட்டி வரை போகிறது, அதில் சிக்கல் இல்லை. மாநிலத்தின் பெயர் மட்டும் அப்போது சென்னைதான், தமிழ்நாடு ஆனது 1969ல். காலக்கோட்டைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கணினியில் வைத்தால் திறந்து பார்க்கவே மாட்டோம்.

படி 2: தொழில்

ஒரு ஆலைக்குள் ஒருநாள் நின்று பாருங்கள். பறித்த கொழுந்து அன்றைக்கே ஆலைக்கு வந்துவிட வேண்டும், மூட்டைக்குள் சூடேறினால் கெட்டுவிடும். இந்த அவசரம் உங்கள் கதைக்குத் தானாகவே வேகம் கொடுக்கும்.

படி 3: காதலையும் போட்டியையும் ஒரே இடத்தில் வைப்பது

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஒரு அத்தியாயம் வியாபாரம், அடுத்தது பழைய நினைவு என்று மாற்றி மாற்றி எழுதினேன். இரண்டும் ஒட்டவில்லை. காதலித்த நாளில் தெரிந்துகொண்ட ஒன்றைத்தான் இன்று ஆயுதமாக எடுக்க வேண்டும் என்று புரிய ஒரு வருடம் ஆனது.

என் கதையில் அது உறைபனி. நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் குளிர்காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும். விடியும்போது புல் வெள்ளையாகியிருக்கும், இரண்டொரு நாளில் கொழுந்து கருகிவிடும். மேட்டுச் சரிவு பெரும்பாலும் தப்பித்துவிடும். அவன் தோட்டம் பள்ளத்தில். பத்தொன்பது வயதில் விடியுமுன் அவனைப் பார்க்க அவள் வந்து நின்றதும் அந்தப் பள்ளத்தில்தான், பாதம் விறைக்க. பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு டிசம்பர் சாயங்காலம் வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்திருக்கிறது, காற்றே இல்லை. பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அன்றிரவே மேட்டு ஹட்டிகளுக்கு (படகர் ஊர்களுக்கு)ப் போய், கிலோவுக்கு இரண்டு நயா பைசா கூடக் கொடுத்து எல்லார் கொழுந்தையும் பேசி முடித்துவிடுகிறாள். காலையில் வெள்ளை பூத்துக் கிடக்கும் தோட்டத்தையும் காலியாகக் கிடக்கும் ஆலையையும் பார்க்கும் அவனுக்கு, யார் செய்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பள்ளத்தை அவளுக்குக் காட்டியவனே அவன்தானே.

இதை எழுதியபின் நினைவு அத்தியாயங்கள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன்.

படி 4: நீயா, நீங்களா

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கிடைத்த வரம் இது. அன்று ‘நீ’ என்று பேசியவர்கள் இன்று ஏல அறையில் ‘நீங்கள்’ என்பார்கள். நாவல் முழுக்க அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு இடத்தில் வாய் தவறட்டும். என் கதையில், கைமாறி வந்த மாதிரிக் கோப்பையை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “இன்னும் இலையை வாட விடாம அவசரப்படுறியா?” என்கிறாள். அறையில் வேறு யாருக்கும் அது உறைக்கவில்லை. அவன் மட்டும் கோப்பையைக் கீழே வைக்கிறான்.

அந்தக் காலப் பேச்சைப் பிடிக்க அகராதியைவிடப் பழைய வார இதழ்களின் விளம்பரங்களும் தொடர்கதைகளும் உதவும். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் ஏராளமாக இருக்கின்றன.

பிற்சேர்க்கை: 1957லேயே தசம நாணயம் (ரூபாய்க்கு நூறு நயா பைசா) வந்துவிட்டதே, உங்கள் பாத்திரங்கள் ஏன் ‘நாலணா’ என்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கணக்குப் புத்தகத்தில் நயா பைசா, வாயில் நாலணா, எட்டணா. 25 பைசாவை நாலணா என்று சொல்லும் பழக்கம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இருந்தது. உங்கள் கதை 1964 ஜூனைத் தாண்டினால் மட்டும் ‘நயா’வை எடுத்துவிடுங்கள், அதிலிருந்து வெறும் பைசாதான்.