புயலுக்கு முன்பே ஒப்புதல் அதிகாரத்தைப் பிரித்து வையுங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் நிறுவனம் நடத்துகிறவர்கள் அக்டோபருக்குள் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். உங்கள் மென்பொருளில் எந்தெந்த வேலைக்கு முதலாளியின் ஒப்புதல் தேவை என்று பாருங்கள். பல இடங்களில் டீசல் வாங்குவது முதல் சரக்கு அனுப்புவது வரை எல்லாமே அவர் ஒருவரின் லாகினில் நிற்கும். ஓடிபியும் அவர் போனுக்கே போகும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த ‘தானே’ புயல் மாதிரி ஒன்று வந்து அவர் போன் கிடைக்காமல் போனால் அவ்வளவுதான், எல்லாம் நின்றுவிடும்.

வெளியே எத்தனை விதமான குழப்பம் வருமோ, அத்தனை விதமாகப் பதில் சொல்லும் திறன் உள்ளே இருக்க வேண்டும் என்கிறது சைபர்நெட்டிக்ஸ் (அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் முறைகளை ஆராயும் துறை) முன்னோடி ராஸ் ஆஷ்பியின் விதி. எல்லா முடிவும் ஒருவரிடமே நின்றால் அந்தத் திறன் இருக்காது. ஒரு நிறுவனத்தை முழு அமைப்பாகப் பார்க்கும் அமைப்புச் சிந்தனையில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்.

ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தச் செலவை யார், எவ்வளவு வரை முடிவு செய்யலாம்? அவர் கிடைக்காவிட்டால் எவ்வளவு நேரத்தில் அடுத்தவருக்குப் போகும்? உதாரணமாக, ஐஸ், டீசல், வண்டி வாடகை 20,000 ரூபாய் வரை குடோன் பொறுப்பாளரே பார்க்கலாம். மறுநாள் கணக்கு சொன்னால் போதும். இந்த வரம்புகளை உங்கள் ஊழியரே மாற்றும்படி செட்டிங்ஸில் வைக்க மென்பொருள் செய்து தந்தவரிடம் சொல்லுங்கள். பாஸ்வேர்டைப் பகிர வேண்டாம், ஆளுக்கொரு லாகின் கொடுங்கள்.

அப்புறம், சாதாரண நாள் ஒன்றில் முதலாளியின் லாகினைத் தொடாமல் வேலையை ஓட்டிப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ, அந்த இடத்தை முதலில் சரிசெய்யுங்கள்.