வளைகுடா வீட்டு வேலை: ஒப்பந்தம் ஆளோலை ஆகாமலிருக்க

இலங்கையில் அடிமை முறையைச் சட்டம் ஒழித்தது 1844இல். சவுதியில் 1962, ஓமானில் 1970. திருகோணமலை மாவட்டத்து மூதூர், கிண்ணியா, தோப்பூர்ப் பெண்கள் வேலைக்குப் போகும் சில வளைகுடா வீடுகளில் அந்தப் பழக்கம் இன்னும் முழுதாக விடவில்லை. வேலை கடினமாக இருப்பது வேறு, வேண்டாமென்று ஊர் திரும்ப முடியாதது வேறு. கட்டாய வேலையையும் கடனுக்கு ஆளைக் கட்டிவைப்பதையும் நமது தண்டனைச் சட்டக்கோவையின் 358அ பிரிவு குற்றமாக்குகிறது.

முடிச்சு விழுவது பெரும்பாலும் ஊரிலேயே, முற்பணத்தில். சப் ஏஜென்ட் வீடு தேடி வந்து தரும் காசு, இடையில் திரும்ப நினைக்கும்போது "செலவைக் கட்டிவிட்டு வா" என்று கழுத்தைப் பிடிக்கும். வாங்கத்தான் வேண்டுமென்றால் தொகை, திகதி, எதற்கான காசு, திருப்பிக் கேட்பார்களா என்பதை எழுதி, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். எழுதாத தாளில் முத்திரை ஒட்டி ஒப்பம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். முதியவராக வந்த சிவன் "நீ என் அடிமை" என்று சுந்தரருக்கு நீட்டிய ஆளோலையில், அந்த அடிமைச் சாசனத்திலாவது, எழுத்து இருந்தது.

ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள். விசிட் விசாவில் போனால் பணியகப் பதிவும் இல்லை, காப்புறுதியும் இல்லை. வயதைக் கூட்டி எழுதிய பாஸ்போட் என்ன செய்யுமென்று, ரிசானா நபீக்கைச் சவுதியின் மரண தண்டனைக்குப் பறிகொடுத்த மூதூருக்குச் சொல்லத் தேவையில்லை.

எசமான் பாஸ்போட்டை வாங்கி வைப்பதைச் சவுதி, கத்தார் சட்டங்களே தடுக்கின்றன. ஆனாலும் வாங்குவார்கள். ஆகவே படப்பக்கம், விசா, ஒப்பந்தம் முழுவதையும் 3 பிரதி எடுங்கள்: ஒன்று வீட்டில், ஒன்று நம்பிக்கையான உறவிடம், ஒன்று உடுப்பின் மடிப்புக்குள். போனையும் பறிப்பதுண்டு, வீட்டு இலக்கமும் தூதரக இலக்கமும் மனப்பாடமாக இருக்கட்டும். பக்கத்தில் ஆள் நிற்கும்போது பேச ஒரு வாக்கியம் பேசிவையுங்கள்: "பாலையூற்று மாமிக்கு இன்னும் சுகமில்லையா?" என்று கேட்டால், ஆபத்து என்று வீட்டார் விளங்கிக்கொள்ள வேண்டும்.

வெளியேறினால் நேரே தூதரகத்துக்கு. வழியில் வேறு வேலை தருவதாகச் சொல்பவரோடு போனால், எசமான் 'ஹுரூப்' (வேலையை விட்டு ஓடிவிட்டார்) என்று முறையிட்டதும் சட்டப்படி நிற்க இடமிராது.

ஊரில் இருப்பவர்கள் அன்றே பணியகத்தில் முறையிட வேண்டும். பிரதேச செயலகத்தில் அதற்கான உத்தியோகத்தர் இருப்பார். பாஸ்போட் இலக்கம், போன திகதி, ஏஜென்சி, எசமானின் பெயர், கடைசியாகப் பேசிய நாள், சம்பளம் வராத மாதங்கள் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். முறைப்பாட்டு இலக்கம் கையில் வராமல் திரும்பாதீர்கள். "இன்னும் ஒரு மாதம் பொறுங்கோ" என்று ஏஜென்சி சொன்னால், அதையும் திகதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.