உயில் எழுதும்போது நேரும் பிழைகள்

உயில் எழுதுவோரில் பலர் தாம் கையெழுத்திடும் நாளை மட்டுமே மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். அந்தத் தாளுக்கு வேலை வருவதோ, அதில் உள்ளதற்கு விளக்கம் சொல்ல எழுதியவர் இல்லாத காலத்தில். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் உயில் வழக்காக மாறுவதை நான் கவனித்தவரை, சொத்தை யாருக்குக் கொடுத்தார் என்பதைவிட, எப்படி எழுதி வைத்தார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதற்பிழை சாட்சிகளைத் தேர்வதில் நேர்கிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925இன் 63ஆவது பிரிவின்படி உயிலில் குறைந்தது இருவர் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். எழுதி வைப்பவர் கையெழுத்திட்டதை ஒவ்வொருவரும் நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தம் கையெழுத்துதான் என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும், அதன்பின் அவர் முன்னிலையிலேயே தாமும் கையொப்பமிட வேண்டும். இதை வெறும் சடங்காக எண்ணி, சார்பதிவாளர் அலுவலக வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத இருவரைச் சாட்சியாக்குவதும், தம்மைவிட மூத்த நண்பர்களை அழைத்துச் செல்வதும் வழக்கமாக இருக்கிறது. பதிவு செய்தாயிற்றே, இனி என்ன கவலை என்று கேட்பார்கள். பதிவு செய்த உயிலாக இருந்தாலும், அது நீதிமன்றத்துக்கு வரும்போது சாட்சிகளில் ஒருவரேனும் உயிருடன் இருந்தால் அவரை அழைத்து விசாரித்தே அதை நிரூபிக்க வேண்டும். இருவரும் இறந்துவிட்டால், அவர்களுடைய கையெழுத்தை அடையாளம் காட்டக்கூடியவர்களைத் தேடி வாரிசுகள் அலைய நேரும். ஆகவே சாட்சி வயதில் இளையவராகவும், எளிதில் தேடிக் கண்டுபிடிக்கத்தக்கவராகவும், சொத்தில் பங்கில்லாதவராகவும் இருப்பது நல்லது. எழுதுபவர் முதியவரானால், அவரைப் பார்த்துவரும் மருத்துவரே சாட்சிகளில் ஒருவராக இருப்பது அவருடைய மனத்தெளிவுக்கும் சான்றாக நிற்கும்.

சொத்தைப் பெறப்போகும் மகனே பத்திர எழுத்தரை அழைத்துவந்து, வாசகம் சொல்லி, தந்தையைக் காரில் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வது அன்பினால் நடப்பதாகவே இருக்கலாம். ஆனால் பயன்பெறுபவர் முன்னின்று எழுத வைத்த உயில் சந்தேகத்துக்குரியது என்றும், அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்றும் உச்ச நீதிமன்றம் 1959இலேயே, வேங்கடாசல ஐயங்கார் வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. கிறித்தவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும்: சாட்சிக்கோ சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது, திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும். இஸ்லாமியர், ஈமச்செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

முத்திரைத்தாள் இல்லாமல் உயில் செல்லாது என்பது தவறான எண்ணம். வெள்ளைத்தாள் போதும், பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்வதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் பதிவான உயிலைப் பீரோவிலிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டு மறைத்துவிட முடியாது.

வங்கிக் கணக்கில் நாமினியாக ஒரு பிள்ளையின் பெயரைக் கொடுத்துவிட்டதால் அந்தப் பணம் அவருக்கே சேரும் என்று நம்புவது அடுத்த பிழை. நாமினி வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். உரிமையோ சட்டப்படியான வாரிசுகளுக்கோ உயிலில் குறிக்கப்பட்டவருக்கோதான். நிறுவனப் பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியதாகிறது.

உயில் வேண்டாம், உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிவிடலாம் என்று பிள்ளைகள் வற்புறுத்தும்போது மிகுந்த நிதானம் தேவை. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பு 2023 ஜூலையில் 25,000 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்ந்த பிறகும், வீட்டின் மதிப்போடு ஒப்பிட்டால் செலவு குறைவுதான். அதனாலேயே பலர் அவசரப்படுகிறார்கள். உயிலை எத்தனை முறையும் மாற்றலாம், செட்டில்மென்ட்டில் உரிமை உடனே கைமாறிவிடும், பின்னர் நினைத்தபடி ரத்து செய்ய இயலாது. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆவது பிரிவில் கோட்டாட்சியரிடம் முறையிட வழி உண்டு என்றாலும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் அந்த முறையீடு உறுதியாக நிற்கும். ஆயுள் வரை தாமே அனுபவிக்கும் உரிமையையும் சேர்த்து எழுதிக்கொள்ளாமல் யாரும் கையெழுத்திடக் கூடாது என்பது என் கருத்து.

பூர்வீகச் சொத்து முழுவதையும் மகன்கள் பேரில் எழுதிவைக்கும் இந்துத் தந்தையர் இன்னும் இருக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் வந்த 1989 திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005 திருத்தமும், 2020இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்பும் மகளைப் பிறப்பாலேயே பங்காளியாக்கிவிட்ட நிலையில், தந்தை எழுத முடிவது தம் பங்கை மட்டுமே. மகளின் பங்கையும் சேர்த்து எழுதினால் அவ்வளவுக்கு அது செல்லாது.

முதல் உயிலுக்குப் பின் மனம் மாறி மற்றொன்று எழுதுவோர், “இன்ன தேதியில், இன்ன எண்ணில் பதிவான என் முந்தைய உயிலை ரத்து செய்கிறேன்” என்ற வரியைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். சட்டப்படி கடைசி உயிலே நிற்கும் என்றாலும், பிந்தியதில் சொல்லாமல் விட்ட சொத்துக்கு முந்தியதைக் காட்டி ஒருவர் உரிமை கோர, இரண்டு தாள்களையும் வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் வழக்கறிஞரைத் தேடிப் போவார்கள்.