மீன் ஏற்றும் பழைய பிக்கப்பைத் துரு தின்னாமல் காப்பது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் ஓடும் பிக்கப்புகளும் குட்டியானைகளும் பெரும்பாலும் எஞ்சின் கெட்டு ஓய்வதில்லை. எஞ்சின் நன்றாக இருக்கும்போதே சேசிஸ் என்னும் அடிச்சட்டம் இற்றுப்போய் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. இதே மாவட்டத்துப் புத்தளம் உப்பளங்களில் லோடு எடுக்கும் வண்டிகளுக்கும் இதே கதிதான். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், துரு அடியில் தின்றுகொண்டிருக்கும்.

உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே இழுக்கும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையத் தொடங்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். மழையே பெய்யாத ராத்திரியிலும் சேசிஸ் மேல் உப்புத்தண்ணீர்ப் படலம் இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். அந்த உப்பை எடுக்காமல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்டை அடித்தாலும் துரு அதற்கு அடியிலேயே ஓடும்.

வேலைக்கு நாள் பார்க்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஏப்ரல் 15-ல் தொடங்குவதால், அங்கே ஓடும் வண்டிகளுக்குத் தடையின் முதல் வாரங்கள் தோது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வண்டி சும்மா நிற்கிறதே என்று அந்த மழையில் பெயின்ட் அடிக்காதீர்கள், இரும்பு காயவே காயாது. மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

முதலில் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. சிறிய சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், இற்றது மொத்தென்று கேட்கும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அங்கே பெயின்டுக்கு வேலை இல்லை. அந்தத் துண்டை வெட்டி அதே கனத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், அதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். ஸ்பிரிங் ஹேங்கர், டீசல் டேங்கைத் தாங்கும் பட்டை, பேட்டரி தட்டு, கேபினில் ரப்பர் மேட்டுக்கு அடியிலுள்ள தகரம், கதவின் கீழ்விளிம்பு ஆகியவை முதலில் போகும் இடங்கள். பிரேக் குழாயில் குழிக்குழியாகத் துரு இருந்தால் அதைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது ஆபத்து. புதுக் குழாய் மாற்றுங்கள்.

கழுவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கரையோர ஊர்களில் பல கிணறுகளும் போர்வெல்களும் உவர்ப்பு. அதே தண்ணீரில் கழுவினால் உப்பை எடுத்து உப்பையே பூசுகிறோம். சேறு போவதற்கு எந்தத் தண்ணீரானாலும் சரி, கடைசி அலசு மட்டும் குடிக்கிற தண்ணீரில் இருக்கட்டும். 100 லிட்டராவது தாராளமாகச் செலவாகும். பெட்டிபோல் மூடிய சேசிஸாக இருந்தால் அதன் ஓட்டைகள் வழியாக ஹோஸை உள்ளே விட்டு, வெளியே வரும் பழுப்புத் தண்ணீர் தெளியும் வரை ஓடவிடுங்கள். கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மெல்லிய கம்பியால் குத்தித் திறங்கள். பிரஷர் கன்னை வீல் பேரிங் சீல், ஒயர் சாக்கெட் பக்கம் காட்டாதீர்கள். பிறகு இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வேண்டும்.

துருவை எடுக்க, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி, எட்டாத மூலைகளுக்கு 80-ஆம் நம்பர் உப்புத்தாள் பயன்படுத்துங்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் துரு நொடியில் போகும், இரும்பு வெள்ளையாகத் தெரியும். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அதன் குளோரைடு இடுக்குகளில் தங்கி, சில நாளில் புதுத் துருவைக் கொண்டுவரும். அதைத் தொடவே வேண்டாம். பாஸ்பாரிக் அல்லது டானிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் வாங்குங்கள், சின்ன பிக்கப்புக்கு ஒரு லிட்டர் போதும். உதிரும் துருவை எல்லாம் எடுத்தபின் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய துருமேல் மட்டும் பிரஷ்ஷால் தடவி 24 மணி நேரம் விடுங்கள். கறுத்துவிட்டால் பிடித்துவிட்டது.

அடுத்து ப்ரைமர். ரெட் ஆக்சைடை மட்டும் அடித்து அப்படியே ஓட்டுவதை இங்கே நிறையப் பார்க்கலாம். மேலே கோட் இல்லாத ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும். இரண்டு டப்பாவைக் கலக்கும் எபாக்ஸி ப்ரைமர் விலை கூடுதல், ஆனால் உப்புக்கு நிற்கும். 2 லிட்டர் வாங்கினால் இரண்டு கோட் வரும். டப்பாவில் போட்ட அளவுப்படி கலந்து, சொன்ன நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அதன்மேல் கறுப்பு சேசிஸ் பெயின்ட். காலை 10 மணிக்கு மேல் தொடங்கி மாலை 3 மணிக்குள் முடியுங்கள், பனி இறங்கினால் பெயின்ட் பூத்துப்போகும். பிரேக் டிரம், சைலன்சர், ரப்பர் புஷ், ஆக்ஸிலின் காற்றுத் துளை ஆகியவற்றைப் பேப்பர் ஒட்டி மறையுங்கள். சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. எண் மழுங்கினால் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே கிரீஸ் மட்டும் தடவுங்கள்.

தார்போல் கெட்டியான அண்டர்கோட்டிங் புது வண்டிக்கு நல்லது. பழைய வண்டிக்கு எங்கள் பரிந்துரை மெழுகு ஸ்பிரேதான். தார்ப்பூச்சு கல் பட்டு வெடித்தால் தண்ணீர் உள்ளே போய்த் தங்கும், நடப்பது வெளியே தெரியாது. மெழுகு கரைந்த இடம் கண்ணுக்குத் தெரியும், அங்கே மட்டும் மறுபடி அடிக்கலாம். நீளக் குழாய் வைத்துச் சேசிஸ் பெட்டி, கதவு உட்பக்கம் எல்லாம் அடியுங்கள். அடித்தபின் வடிகால் துளைகள் அடைபட்டனவா என்று பாருங்கள். வேஸ்ட் ஆயில் பூசுவது மலிவு. அது ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும், பிரேக்கில் சொட்டும், மண்ணையும் தண்ணீரையும் பாழாக்கும்.

லோடு பாடிதான் மீன் வண்டியின் உயிர்நிலை. இரும்புக் குறுக்குச்சட்டங்கள் மேல் அலுமினியத் தகடு விரித்திருந்தால், இரண்டும் தொடும் இடத்தில் உப்புத்தண்ணீர் நின்று இரண்டு உலோகங்களும் பேட்டரி மாதிரி வேலை செய்யும். இரும்பு ஆணியைச் சுற்றி அலுமினியம் பொடியும், அதன் அடியில் தேங்கிய ஈரத்தில் சட்டம் இற்றுப்போகும். தகட்டைக் கழற்றி, சட்டங்களுக்குப் பெயின்ட் அடித்து, இடையில் ரப்பர் பட்டை வைத்து மாட்டுங்கள். ஆணித் தலைகளுக்கும் விளிம்புகளுக்கும் பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். ஐஸ் கரைந்து வரும் தண்ணீர் சேசிஸ் மேல் கொட்டாதபடி தரையைப் பின்பக்கம் லேசாகச் சாய்த்து, ஒரே துளையில் சேர்த்து, முக்கால் இஞ்ச் ஹோஸ் மாட்டிக் கேனில் பிடியுங்கள். கேன் நிரம்பியதும் துறைமுகத்தில் கழிவுநீர் விடும் இடத்திலேயே ஊற்றுங்கள்.

ஓட்டம் முடிந்த அன்றே பாடியையும் அடியையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஈரமான சாக்கையும் தார்பாயையும் பாடிக்குள் சுருட்டி வைத்து ராத்திரி முழுக்க விடாதீர்கள். ஸ்பிரிங் ஷாக்கிளுக்கு மாதம் ஒருமுறை கால்சியம் வகைக் கிரீஸ் அடியுங்கள், தண்ணீருக்கு அது சீக்கிரம் கழுவிப்போகாது. மெழுகுப் பூச்சை மே மாதத்திலும் செப்டம்பரிலும், அதாவது ஒவ்வொரு மழைக்கும் முன், டார்ச் அடித்துப் பார்த்து, விட்டுப்போன இடங்களுக்குப் பூசுங்கள்.