தானாகப் படிக்கப் பழக்கும் வாரக் குறிக்கோள் நோட்டு: தொடங்குவது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ் வழி வகுப்புகளில் ஓணப் பரீட்சை நெருங்கும்போதுதான் “ஒழுங்காப் படி” என்ற பேச்சு சூடுபிடிக்கும். எதை, எவ்வளவு, எப்போது என்று சொல்லாத அறிவுரையால் பிள்ளைக்குப் பயனில்லை. ஆசிரியர்களே, ஜூனில் பள்ளி திறந்ததுமே வாரக் குறிக்கோள் நோட்டைத் தொடங்கிவிடுங்கள். ஆளுக்கு ஒரு 40 பக்க நோட்டு, திங்கள் குறிக்கோள் எழுத 10 நிமிடம், வெள்ளி திருத்திப் பார்க்க 15 நிமிடம் போதும்.

1. இப்போதைய நிலையைப் பாருங்கள்

பின்னக் கூட்டலில் 10 கணக்கு கொடுக்கிறீர்கள். ஒரு மாணவிக்கு 4 சரி. மார்க்கோடு நிறுத்தாமல் தப்பைப் பாருங்கள். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். அவள் சரிசெய்ய வேண்டியது அது ஒன்றுதான்.

2. குறிக்கோளை அவளே எழுதட்டும்

“கணக்கில் முன்னேறுவேன்” என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். “பகுதி (கீழே உள்ள எண்) வேறாக உள்ள கணக்கு தினம் 3, ராத்திரி சாப்பிட்டதும். வெள்ளிக்கிழமை 10-க்கு 7” என்று இருக்க வேண்டும். கூடவே தடைக்கு ஒரு வரி: “தம்பி டிவி போட்டால் திண்ணைக்குப் போவேன்.” இப்படி ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்வது எண்ணத்தைச் செயலாக்க உதவுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

மலையாள எழுத்தில் தடுமாறும் பையன் “பாலக்காடு பஸ்ஸில் 5 போர்டை எழுத்துக் கூட்டாமல் வாசிப்பேன்” என்று எழுதினால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பாடப் புத்தகத்தில் இல்லையே என்று தள்ள வேண்டாம்.

3. வெள்ளிக்கிழமை அவளே திருத்தட்டும்

சரியான விடைகள் உள்ள தாளைக் கையில் கொடுத்துவிடுங்கள். பிறகு மூன்று வரி: என்ன கிடைத்தது, எங்கே தப்பியது, அடுத்த வாரம் எதை மாற்றுவேன். “கவனம் இல்லை”, “சோம்பேறித்தனம்” என்று எழுதினால் விடாமல் கேளுங்கள்: “எந்த வரியில தப்பாச்சு, காட்டும்மா.” தன்னைத் திட்டிக்கொள்வதால் திருத்தம் வராது, தப்பிய வரியைப் பார்த்தால் வரும். பலரும் அவசரத்தில் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். இது இல்லாவிட்டால் நோட்டு வெறும் வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

4. கையை மெல்ல எடுங்கள்

முதல் 4 வாரம் நீங்கள் மூன்று குறிக்கோள் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிறகு அவர்களே யோசித்து எழுதட்டும். ஓண விடுமுறை கழிந்ததும் இருவர் இருவராக நோட்டை மாற்றிப் பார்க்கலாம். நீங்கள் வாரம் ஏழெட்டு நோட்டு பார்த்தால் போதும்.

எங்கே கெடுகிறது?

வகுப்பு முழுக்க ஒரே குறிக்கோள் கொடுத்தால் சிலருக்குச் சலிப்பு, சிலருக்குப் பயம். சுவரில் பட்டியல் ஒட்டினால் பின்தங்கிய பிள்ளை பொய் எழுதும். பேனா, மிட்டாய் என்று முன்கூட்டியே பரிசு சொல்லவும் வேண்டாம். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் நடத்திய சோதனையில், பரிசு உண்டு என்று சொல்லி வரைய வைத்த மழலையருக்குப் பின்னாளில் வரைவதில் நாட்டம் குறைந்தது.

நோட்டு எழுதாமல் வருகிற பிள்ளையை நிற்க வைக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து ஒரு கணக்கு போடட்டும். அடுத்த வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் குறிக்கோள் வைக்கச் சொல்லுங்கள்.