தெப்பக்குளத்துக்கு சிபிஎல் ஃபில்டர் எடுத்துப் போகிறீர்களா?

சிபிஎல் என்பது தண்ணீரின் பளபளப்பைக் குறைக்க கேமரா லென்ஸின் முன் மாட்டிச் சுற்றும் சர்குலர் போலரைசர் ஃபில்டர். அதை வாங்கி, லென்ஸில் திருகி, அப்படியே விட்டுவிட்டால் காசு தண்டம். வெயிலின் ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்தபடி வருகிறது. தண்ணீரில் பட்டுத் தெறித்ததும் கிடைமட்ட அதிர்வே மேலோங்கும். அதை மட்டும் தடுப்பதுதான் ஃபில்டரின் வேலை. எவ்வளவு தடுக்கும் என்பது நீங்கள் திருப்பும் கோணத்தையும் நிற்கும் இடத்தையும் பொறுத்தது.

முதலில் கடையிலேயே சோதியுங்கள். லென்ஸில் திருகும் மரை உள்ள பக்கம் முகம்பார்க்கும் கண்ணாடியை நோக்கி இருக்கும்படி ஃபில்டரைக் கண்ணருகே பிடியுங்கள். கண்ணாடியில் தெரியும் ஃபில்டர் கறுத்துப் போகும். திருப்பிப் பிடித்தால் வெளுக்கும். இரண்டு பக்கமும் வெளுப்பாகவே இருந்தால் அது சிபிஎல் இல்லை, சாதா லீனியர் போலரைசர். பழைய எஸ்எல்ஆர்களில் அது ஆட்டோஃபோகஸையும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரையும் குழப்பும்.

அடுத்து வீட்டு எல்சிடி மானிட்டர். அதன் ஒளி ஏற்கெனவே ஒரே திசையில் அதிர்வதால் சோதிக்க வசதி. இப்போது மரை உங்கள் பக்கம், முன்முகம் திரைப் பக்கம். மெதுவாகச் சுற்றுங்கள். உச்ச வெளிச்சத்திலிருந்து 45 டிகிரி திருப்பினால் பாதி, 60-ல் கால்வாசி, 90-ல் கிட்டத்தட்ட இருட்டு. 1809-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் மாலுஸ் கண்ட விதி இதுதான். முதல் பத்து டிகிரிக்கு ஒன்றுமே மாறாத மாதிரி இருக்கும், அங்கேயே நிறுத்திவிடாதீர்கள்.

இனி, 1645-ல் திருமலை நாயக்கர் கட்டிய மதுரை வண்டியூர் தெப்பக்குளம். தண்ணீர் நிறைந்திருக்கும் நாளாகப் பாருங்கள். தெறிப்பு முழுக்க மறைவது நீர்மட்டத்திலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான். கேமரா நீருக்கு மூன்று மீட்டர் மேலே இருந்தால், நாலு மீட்டர் தள்ளியுள்ள நீர்ப்பரப்பு அந்தக் கோணத்தில் வரும். அங்கே ஃபில்டரைச் சுற்றினால் பளபளப்பு வடிந்து, கீழ்ப்படிக்கட்டின் கல் தெரியத் தொடங்கும். தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவிலுள்ள மைய மண்டபம் தண்ணீரில் விழுத்தும் பிம்பமோ எவ்வளவு சுற்றினாலும் முழுசாகப் போகாது. அங்கே பார்வை நீரை உரசிக்கொண்டு போகிறது, அதிர்வு அவ்வளவாக ஒருமுகப்படுவதில்லை. ஃபில்டர் மேல் குறையில்லை. எனக்கென்னவோ அந்தப் பிம்பம் இருப்பதுதான் படத்துக்கு அழகு.

வானம் கருநீலமாக வேண்டுமா? காலையில் சூரியன் கிழக்கே தாழ்ந்திருக்கையில் வடக்கோ தெற்கோ பாருங்கள். சூரியனுக்கு 90 டிகிரி விலகிய வானில்தான் விளைவு அதிகம். ரொம்ப வைட் லென்ஸ் வேண்டாம், வானம் திட்டுத்திட்டாக விழும்.

ஃபில்டர் போட்டால் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகும்). கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள், அல்லது ஷட்டரை மெதுவாக்குங்கள். பொழுது சாய்ந்ததும் ஃபில்டரைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடலாம்.