மனநிறைவுக்கான அளவுகோலை நீங்களே வகுத்துக்கொள்வது எப்படி?

ஒரு தாளை எடுத்து, பூச்சியம் முதல் பத்து வரை எண்ணிட்ட ஏணி ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை உச்சிப் படியிலும், மிக மோசமான வாழ்க்கை அடியிலும் இருப்பதாகக் கொண்டால், இன்று நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? அமெரிக்க உளவியலாளர் ஹேட்லி கேன்ட்ரில் 1960களில் உருவாக்கிய கேள்வி இது. ஆண்டுதோறும் வெளியாகும் உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்துவதும் இதற்குக் கிடைக்கும் விடைகளைக் கொண்டுதான். உச்சிப்படி எப்படியிருக்க வேண்டும் என்பதைக் கேட்பவர் சொல்வதில்லை, விடை சொல்பவரே தீர்மானிக்கிறார் என்பதே இக்கேள்வியின் சிறப்பு. நம்மில் பெரும்பாலோர் அந்தத் தீர்மானத்தை ஒருபோதும் செய்யாமல், பிறர் வரைந்த ஏணியில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கிறோம்.

எண்ணைக் குறித்தபின், அதற்கு அடுத்த படியில் உங்கள் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று எழுதுங்கள். பதவி, வீடு, விருது என்று ஒற்றைச் சொற்களில் நிறுத்திவிடாமல், அந்தப் படியில் ஒரு சாதாரண வேலைநாள் விடியலிலிருந்து இரவு வரை எப்படிக் கழியும் என்பதை விரிவாக எழுத வேண்டும். நான் முதன்முறை எழுதியபோது ‘துறைத் தலைவர்’ என்ற ஒரே சொல்லைத்தான் எழுதினேன். பின்னர், அந்தப் பதவியில் இருக்கும் ஒருவருடைய நாளை மணிவாரியாக எழுதத் தொடங்கினேன். இரவு எட்டு மணிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. என் மகள் பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்துக்காட்டும் நேரம் அது. நான் விரும்பிய பதவி முதலில் பறித்துக்கொள்ளப்போவது அந்த ஒரு மணி நேரத்தைத்தான் என்பது, தாளில் எழுதிப் பார்க்கும் வரை எனக்குத் தெரியவில்லை.

எழுதிய ஒவ்வொரு விருப்பத்தையும் ஒரு கேள்வியால் சலித்துப் பாருங்கள்: இது கைகூடியதை எவரிடமும் சொல்லவே முடியாது என்றாலும் இதற்காக நான் உழைப்பேனா? எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் ஆகிய உளவியலாளர்கள், தன் விருப்பப்படி செயல்படுதல், ஒன்றில் திறம் பெறுதல், பிறரோடு பிணைந்திருத்தல் ஆகிய மூன்றையும் மனிதருடைய அடிப்படை உளத்தேவைகளாகக் கருதுகிறார்கள். இம்மூன்றில் எதையும் ஊட்டாத வெற்றி, கைதட்டல் ஓய்ந்ததும் வெறுமையாகிவிடுகிறது.

பணத்தால் பயனில்லை என்று சொல்வது நேர்மையாகாது. பரிசுச்சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேரை வைத்து 1978-இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை என்றது, அது இன்றும் பரவலாக எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் சுவீடனில் மிகப் பெரிய எண்ணிக்கையிலான வெற்றியாளர்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு, அவர்களுடைய வாழ்க்கைத் திருப்தி உயர்ந்ததையும், அந்த உயர்வு பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்ததையும் கண்டறிந்தது. ஆகவே பணத்தை ஒதுக்க வேண்டாம். அதற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் பணக்கவலைகளை, அதாவது கடன், மருத்துவச் செலவு, வேலை இழந்தால் தாங்கவேண்டிய சில மாதங்கள் ஆகியவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு தொகையை இடுங்கள். அவற்றின் கூட்டுத்தொகையே உங்கள் முதல் இலக்கு. அதற்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு தொகைக்கும், எந்த நேரத்தையும் எவருடைய அருகாமையையும் விலையாகக் கொடுக்கிறேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பீடு இன்னொரு சிக்கல். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் போட்டியின் காட்சிகளைப் பார்த்துப் போட்டியாளர்களின் முகபாவங்களை மதிப்பிட்டவர்கள், வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்களே அதிக மகிழ்ச்சியுடன் காணப்பட்டதாக மதிப்பெண் இட்டார்கள். 1995-இல் வெளியான இந்த ஆய்வு தரும் விளக்கம் எளியது: வெள்ளி வென்றவர் நழுவிய தங்கத்தை நினைக்கிறார், வெண்கலம் வென்றவரோ பதக்கமே இல்லாமல் திரும்பியிருக்கக்கூடும் என்பதை நினைக்கிறார். ஒப்பிடும் பழக்கத்தை அடியோடு நிறுத்த எவராலும் முடியுமென்று நான் நம்பவில்லை. திசையை மாற்றுவது முடியும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் உங்களுக்குக் கடினமாக இருந்து, இன்று கை தானாகச் செய்துவிடும் செயல்கள் எவை என்று எழுதிப் பாருங்கள்.

நாள்தோறும் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. தெரசா அமபில், ஸ்டீவன் கிரேமர் ஆகிய ஆய்வாளர்கள் ஏழு நிறுவனங்களில் பணியாற்றிய 238 பேரின் ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளை ஆராய்ந்தபோது, நல்ல மனநிலை நிலவிய நாள்களில் மிகுதியாகக் காணப்பட்ட நிகழ்வு, தமக்குப் பொருளுள்ள வேலையில் ஏற்பட்ட முன்னேற்றமே என்று தெரிந்தது. அது மிகச் சிறியதாக இருந்தாலும் போதுமானதாக இருந்தது. எனவே உறங்கப்போகும் முன், ‘இன்று நகர்ந்தது என்ன?’ என்ற கேள்விக்கு ஒரு வரி எழுதுங்கள். என் குறிப்பேட்டில் ‘மூன்றாம் பத்தியைத் திருத்தி முடித்தேன்’ என்றும், ‘அப்பாவின் மருந்துகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்தேன்’ என்றும் வரிகள் உள்ளன. எழுதும்போது அற்பமாகத் தோன்றிய இவ்வரிகளை மாத இறுதியில் சேர்த்துப் படிக்கையில், வீணானதாக நான் எண்ணியிருந்த ஒரு மாதம் வேறு முகம் காட்டியது. எதுவும் நகராத நாளில் வெற்றிடம் விடுங்கள். பொய்யாக நிரப்பிய குறிப்பேடு உதவாது.

உறவுகளைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மற்ற அனைத்தையும் சரியாகச் செய்தும் இதில் தவறியவர்களின் தனிமையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-இல் தொடங்கிய ஆய்வு, அப்பல்கலைக்கழக மாணவர்களையும் பாஸ்டன் நகரின் வறிய பகுதிச் சிறுவர்களையும் சேர்த்து 724 பேரின் வாழ்க்கையை முதுமை வரை தொடர்ந்து கவனித்தது. ஐம்பது வயதில் தம் உறவுகளில் மிகுந்த நிறைவு கண்டிருந்தவர்களே எண்பது வயதில் மிகுந்த உடல்நலத்துடன் இருந்தார்கள் என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்பு. ஆகவே, நள்ளிரவில் தயங்காமல் அழைக்கக்கூடியவர்கள் யார் யார் என்று எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நீங்கள் கடைசியாகப் பேசிய தேதியைக் குறியுங்கள். தேதி நினைவுக்கு வராத பெயர்தான் முதலில் அழைக்கவேண்டிய பெயர். ‘என்ன விஷயம்?’ என்று அவர் கேட்டால், ‘விஷயம் ஒன்றுமில்லை, உங்கள் குரலைக் கேட்கவேண்டும் போலிருந்தது’ என்று உள்ளபடியே சொல்லுங்கள். முதல் சில நொடிகள் இருவருக்கும் சங்கடமாக இருக்கும். பேச்சு தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஆறு மாதம் கழித்து அதே ஏணித் தாளை எடுத்துப் பாருங்கள். அடுத்த படிக்கென்று எழுதியவற்றில் சில உங்களுக்கே அந்நியமாகத் தோன்றினால் தயங்காமல் அடித்துவிடுங்கள். பழைய எண்ணை மட்டும் அழிக்காமல், அதன் அருகிலேயே வேறு நிற மையில், தேதியுடன் புதிய எண்ணை எழுதுங்கள்.